எண்பது மைக்ரான்

ஜூன் 3

என் லேத்தை உடைக்கப் போகிறார்களாம்.

பழைய மிஷின் புரோக்கர் ஆறுச்சாமி போனில் சொன்னார். கம்பெனி போன மாதம் ஏலத்தில் தள்ளிவிட்ட மிஷின்கள் சுந்தராபுரம் தாண்டி ஒரு இரும்பு யார்டில் கிடக்கின்றனவாம். வெள்ளிக்கிழமை சம்மட்டியால் உடைத்து ஃபவுண்டரிக்கு உருக்க அனுப்பிவிடுவார்கள். "பச்சை பெயிண்டு, ஒரு ஹேண்டில்ல பிடி இல்லீங்க. உங்குளுதுதானுங்களா அம்மிணி?" என்றார். என்னுடையதுதான். அந்தப் பிடியை உடைத்ததே நான்தான்.

போன வருஷம் அந்த லேத்தில் நான் கடைந்த அறுபது பம்ப் ஷாஃப்ட்டும் ரிஜெக்ட் ஆயின. ஒரு முனைக்கும் மறு முனைக்கும் எண்பது மைக்ரான் வித்தியாசம். ஒரு தலைமுடியின் தடிமன்தான், ஆனால் பேரிங் ஏறாது. இருபது வருஷம் இன்ஸ்பெக்‌ஷன் மேஜையில் மற்றவர்கள் கடைந்ததை அளந்தவள் நான். நச்சரித்து நச்சரித்து, நாற்பத்து நான்கு வயதில் லேத்தில் நின்றேன். அந்தக் கம்பெனியில் முதல் பெண் டர்னர். ஒர்க்ஸ் மேனேஜர் அறுபது ஷாஃப்ட்டையும் தரையில் வரிசையாக அடுக்கச் சொல்லி, எல்லோரையும் கூப்பிட்டு, "பொம்பளைக்கு லேத் சரிப்படாதுன்னு சொன்னேனில்ல?" என்றார். மறுநாள் என்னைப் பேக்கிங்கில் அட்டைப்பெட்டி ஒட்டச் சொன்னார்கள். ஒட்டவில்லை. வேலையை விட்டுவிட்டு வந்தேன்.

என் கைமேல் தப்பில்லை. ஆயுத பூஜை லீவுக்கு முன்னால் கடைந்த இருபதும் அளவு பிசகாமல் வந்தன. செட்டிங்கை நான் மாற்றவேயில்லை. லீவு முடிந்த முதல் பகல் ஷிப்டில் கடைந்த அறுபதும் டேப்பர், அதாவது ஒரு முனை தடித்து மறு முனை மெலிந்தவை. லீவில் மிஷின் ஷாப்புக்குள் போனது ஒரே ஒரு ஆள். அதே லேத்தில் இரவு ஷிப்ட் பார்க்கும் எபனேசர். இருபத்தெட்டு வருஷ சர்வீஸ். ஒரு பெண் தன் மிஷினில் நிற்பது அவருக்குப் பிடிக்கவில்லை. பூஜையன்றே முகத்தை ஒரு மாதிரி வைத்துக்கொண்டு நின்றார். செட்டிங்கைக் கலைத்தது அவர்தான் என்று விசாரணையில் எல்லோருக்கும் முன்னால் அவர் பெயரைச் சொன்னேன். நிரூபிக்க வழியில்லாமல் போயிற்று.

இப்போது வழி வந்திருக்கிறது. அந்த லேத் வேண்டும். வேறு எந்த லேத்தும் வேண்டாம்.

ஜூன் 4

பன்னிரண்டு நாள் கழித்துத் தண்ணீர் வந்தது. டிரம், அண்டா, பக்கெட், கடைசியில் குக்கரில்கூடப் பிடித்து வைத்தேன்.

வீட்டுக்காரர் ஸ்கூல் வேன் ஓட்டுகிறார். வேன் நிற்பது எங்கள் போர்ட்டிகோவில். லேத் நிற்க வேண்டியதும் அங்கேதான். "ஏம்மிணி, வேன எங்க நிறுத்தறது?" என்றார். ரோட்டில் என்றேன். "அப்ப நானு?" என்றார். "நீங்க உள்ள படுத்துக்கலாம்" என்றேன். சிரித்துவிட்டார். சிரித்தால் சம்மதம் என்று அர்த்தம். இருபத்திரண்டு வருஷமாக அப்படித்தான் நடத்திக்கொண்டு வருகிறேன்.

ஜூன் 6

யார்டுக்குப் போனேன். ஆறுச்சாமி நேராக என் லேத்திடம் கூட்டிப் போகவில்லை. நடுவில் வேறொன்றைக் காட்டினார். புது பெயின்ட் அடித்து, கல்யாண மாப்பிள்ளை மாதிரி பளபளவென்று நின்றது. சக்குக்குப் பக்கத்தில், லேத்தின் தண்டவாளம் மாதிரியான பெட்டின் மேல் நகத்தை ஓட்டினேன். பள்ளம் தட்டுப்பட்டது. எந்த லேத்தும் முதலில் தேய்வது அங்கேதான். டர்னர்கள் பாதி வேலையைச் சக்கை ஒட்டியே பார்த்துவிடுவார்கள்.

"மூஞ்சிக்குப் பவுடர் போட்டு வெச்சிருக்கீங்கண்ணா. முட்டி தேஞ்சு கெடக்குது" என்றேன்.

"உங்குளுக்கு மிஷின் விக்கறதுக்கு நான் பேசாம கெணத்துல குதிக்கலாமுங்க அம்மிணி" என்றார்.

என் லேத் பின்பக்கம் தகரக் குவியலுக்கு நடுவே நின்றது. மழையில் நனைந்து சக்கெல்லாம் செந்துரு. அந்த அறுபதுக்குப் பிறகு அதை யாரும் ஓட்டவில்லை. மூலையில் தள்ளித் தார்ப்பாய் போட்டு வைத்திருந்தார்கள். டெயில்ஸ்டாக்கில் நான் மாட்டிய சென்டர்கூட அப்படியே இருந்தது. (ஷாஃப்ட்டின் ஒரு முனையைச் சக் பிடித்துச் சுற்றும். மறு முனையைத் தாங்க எதிரே நிற்பது டெயில்ஸ்டாக். அதன் ஓட்டையில் செருகிய கூர்முனைதான் சென்டர். என் மகள் எப்போதாவது இந்த டைரியைப் படித்தால் தெரியட்டும் என்று எழுதுகிறேன்.) பெட்டில் நகத்தை ஓட்டினேன். தட்டவே இல்லை. எனக்கு அழுகை வந்தது, தும்மல் மாதிரி சமாளித்துவிட்டேன்.

யார்டுக்காரர் கேட்டார்: "வீட்டுக்காரரு வரலீங்களா?"

"அவரு வேன் ஓட்டறாருங்க. லேத் ஓட்டறது நானு."

"இத வெச்சு என்ன பண்ணப் போறீங்க?"

"கடையப் போறனுங்க."

உடைத்தால் எடைக்கு என்ன வருமோ அதே விலைதான் தருவேன் என்று நின்றேன். உடைக்கிற கூலி மிச்சம் என்று சொல்லிக் காட்டினேன். டீ வந்தது, போனது, மறுபடி வந்தது. வெயில் தாழ்ந்தபோது தலையை ஆட்டினார்.

ஜூன் 7

வாங்கிவிட்டேன். நகத்தில் ஏறிய துரு இன்னும் போகவில்லை.

ஜூன் 10

லேத் வந்தது. கிரேன் எங்கள் சந்துக்குள் திரும்பாமல், எதிர்வீட்டு முருங்கையில் ஒரு கிளை போயிற்று. எதிர்வீட்டு அக்கா வாசலில் நின்று, "பொம்பள இருக்கற வீட்ல இதெல்லாம் என்னத்துக்கு?" என்றார். "பொம்பள இருக்கறதுனாலதானுங்கக்கா" என்றேன். முருங்கைக்காய் ஒரு கட்டு உள்ளே வந்து விழுந்ததைத் திருப்பிக் கொடுக்கவில்லை.

இவர் குளித்துவிட்டு வந்து சந்தனக் கிண்ணத்தோடு நின்றார். "எங்கெங்க வெக்கறது?" சக்கில் ஒன்று, ஹெட்ஸ்டாக்கில் மூன்று, டூல் போஸ்ட்டில் ஒன்று என்று காட்டினேன். போதுமா என்றார். "போன வருஷம் சென்டரக் கழட்டி ஓட்டைக்குள்ளகூட வெச்சேனுங்க, ஒரு எடம் விடல" என்றேன். இப்போது சென்டர் துருப்பிடித்து இறுகியிருக்கிறது, அதனால் வெளியே வைத்தால் போதும் என்றேன். முதன்முதலாக எனக்கென்று கொடுத்த மிஷின் அது. அந்தப் பூஜைக்கு வீட்டிலேயே சந்தனக்கட்டை அரைத்து எடுத்துப்போனேன். எபனேசர் அன்றைக்கும் ஏதோ வேண்டாம் வேண்டாம் என்று சொல்லிக்கொண்டு வந்தார். அவர் சர்ச்சுக்குப் போகிறவர். போகட்டும், நான் வேண்டாம் என்றேனா? என் சாமியை எங்கே வைப்பது என்று அவர் என்ன சொல்வது? "உங்குளுக்கு இதெல்லாம் தெரியாதுங்க" என்று முகத்துக்கு நேரே சொன்னேன். பொரி பொட்டலத்தை வாங்காமலே போய்விட்டார்.

ஜூன் 13

மண்ணெண்ணெய், வேஸ்ட் துணி, கம்பி பிரஷ். மூன்று நாளாக இதுதான். உப்புத்தாள் போட்டுத் தேய்த்ததில் சக்கின் நம்பர் தெரிகிறது. ரசம் வைத்தேன், மண்ணெண்ணெய் வாசம் என்று இவர் தயிர் ஊற்றிக்கொண்டார்.

ஜூன் 15

ரசமட்டம் வைத்து லெவல் பார்த்து முடித்தேன். நான்கு காலிலும் தகடு கொடுத்து, குமிழி நடுவில் நிற்கும்வரை அசையவில்லை. மூன்று ஃபேஸ் கரண்ட் லைன் திங்கட்கிழமை வரும்.

சாப்பிடும்போது இவர் சும்மா இருக்காமல் ஒன்று கேட்டார். "அந்த எபனேசருக்கு டெயில்ஸ்டாக்க நகத்தி என்னம்மிணி லாபம்? சார்ஜ்மேன் ஆகற நேரத்துல அந்த ஆளு எதுக்கு இந்த வேல பண்ணோணும்?"

லாபம் பார்த்தா எல்லோரும் கெடுதல் செய்கிறார்கள்? கேட்டேன். அவர் சார்ஜ்மேன் ஆகவில்லைதான், என் புகாரால் மெமோ கொடுத்துப் பதவி உயர்வை நிறுத்திவிட்டார்கள். அதற்கு நான் என்ன செய்வது? இன்றைக்கு இதற்குமேல் எழுதப் பிடிக்கவில்லை.

ஜூன் 20

எண்பது!

கரண்ட் வந்ததும் முதல் வேலையாகச் சென்டரையோ வேறெதையுமோ தொடாமல், அன்றைக்கு இருந்தபடியே, அதே அளவு கம்பியை மாட்டி ஒரு கட் எடுத்தேன். இரும்புச் சீவல் நீலமாகச் சுருண்டு விழுந்தது. நிறுத்தி, மைக்ரோமீட்டர் வைத்தேன். இந்த முனை சரி. அந்த முனை எண்பது மைக்ரான் குறைவு. இன்னொரு கம்பி. எண்பத்திரண்டு. இன்னொன்று. எண்பது.

மிஷின்தான். என் கை இல்லை. போர்ட்டிகோவில் தனியாக நின்று கத்தினேன். எதிர்வீட்டு அக்கா எட்டிப் பார்த்தார். அவருக்கும் கையை ஆட்டினேன். நாளைக்கு டெயில்ஸ்டாக்கின் பக்கத் திருகைப் போட்டோ எடுத்து ஒர்க்ஸ் மேனேஜருக்கு அனுப்பப் போகிறேன். டெயில்ஸ்டாக்கைப் பக்கவாட்டில் நகர்த்த அந்தத் திருகு ஒன்றுதான் வழி. ஆள் திருப்பியிருந்தால் அடையாளம் இருந்தே தீரும். இவருக்குப் பிடித்த பருப்பு போளி செய்தேன்.

ஜூன் 21

திருகின்மேல் பழைய பச்சை பெயின்ட் அப்படியே இருக்கிறது. விரிசல்கூட இல்லை. யாரும் தொட்டதில்லை.

ஜூன் 22

இட்லிக்கு அரைத்தேன். கேஸ் மாற்றினேன். மகளுக்கு ஹாஸ்டலுக்குப் பருப்புப்பொடி அனுப்பினேன். போர்ட்டிகோ பக்கம் போகவில்லை.

ஜூன் 23

எழுதித்தான் ஆக வேண்டும்.

நேற்று முன்தினம் திருகைப் பார்த்த பிறகு, நேர் பார்க்கும் டயல் கேஜ் வைத்தேன். டெயில்ஸ்டாக்கின் வெளிப்பக்கம் நூல் பிடித்ததுபோல் நேராக இருந்தது. கம்பெனி மெயின்டனன்ஸ்காரர்களும் வெளியே டயல் வைத்துத்தான் மிஷின் சரி என்றார்கள். வெளிப்பக்கம் சரி, சென்டர் முனை மட்டும் தள்ளி நிற்கிறது என்றால் கோளாறு ஓட்டைக்குள்ளே. எண்ணெய் விட்டு, ஒரு மணி நேரம் விட்டு, தட்டித் தட்டிச் சென்டரைக் கழற்றினேன். டார்ச் அடித்தேன்.

உள்சுவரில் ஒரு பக்கம் மட்டும் மஞ்சளாக ஒரு பொருக்கு. நடுவில் சிவப்பு.

என் சந்தனம். என் குங்குமம். என் விரல் பதிந்த இடம்கூடத் தெரிந்தது. நெய் மாதிரி அரைத்துப் பூசிய சந்தனம் காய்ந்து கல்லாகியிருக்கிறது. அதன்மேலேயே சென்டரைத் தட்டி ஏற்றியிருக்கிறேன். சென்டர் ஒரு பக்கமாகச் சாய்ந்து உட்கார்ந்துவிட்டது. லீவு முடிந்து வந்து, செட்டிங் மாற்றவில்லையே என்ற தைரியத்தில், ஒரு முனையை மட்டும் அளந்துகொண்டே அறுபதையும் கடைந்து தள்ளியிருக்கிறேன். இருபது வருஷம் இன்ஸ்பெக்டராக இருந்தவள்! வேறு ஒருவர் இப்படிச் செய்திருந்தால் மேஜையில் ஏறி நின்று திட்டியிருப்பேன்.

இப்போது அந்தப் பூஜை முழுவதும் ஞாபகம் வருகிறது. "ஓட்டைக்குள்ள வெக்காதீங்க மேடம், ஓட்டைக்குள்ள மட்டும் வேண்டாம்" என்றுதான் எபனேசர் சொன்னார். இரண்டு தடவை. நான் காதில் வாங்கியது "வேண்டாம்" என்பதை மட்டும்தான். சொன்னவர் யார் என்று பார்த்தேனே தவிர, என்ன சொன்னார் என்று பார்க்கவில்லை. வெட்கமாக இருக்கிறது. மற்றதையெல்லாம் ஜீரணித்துவிடலாம், இதை ஜீரணிக்க முடியவில்லை.

ஜூன் 25

பொருக்கை நகத்தால் உடையாமல் பெயர்த்து மூக்குத்தி டப்பாவில் வைத்தேன். ஓட்டையைத் துடைத்து, சென்டரை மாட்டி, ஒரு கம்பி கடைந்தேன். இரண்டு முனைக்கும் வித்தியாசம் இரண்டு மைக்ரான். தங்கமான மிஷின்.

ஆறுச்சாமி வந்து பார்த்து வாயைப் பிளந்தார். சின்னச் சின்ன பம்ப் கம்பெனிகளில் ஷாஃப்ட் ஜாப் ஒர்க் பிடித்துத் தருகிறேன் என்றார். போகிறபோக்கில், "உங்க பழைய கம்பெனி எபனேசரு சனிக்கெழம ரிட்டயர்டுங்க. பாவம், கடைசி வரைக்கும் சார்ஜ்மேன் குடுக்கல" என்றார்.

நான் வாயைத் திறக்காவிட்டால் யாருக்கும் தெரியாது. அந்தப் பொருக்கை ஊதினால் பறந்துவிடும். மிஷின் கோளாறு என்று நான் சொன்னதும் ஒரு வகையில் உண்மைதானே என்றுகூட யோசித்துப் பார்த்தேன். எனக்கே சிரிப்பு வந்தது. இவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "அன்னிக்கே கேட்டேனில்ல" என்று ஆரம்பிப்பார் என்று தயாராக இருந்தேன். சொல்லவில்லை. "வேன்ல கொண்டுபோயி விடட்டுமா?" என்றார்.

பயம் இல்லை என்று எழுத நினைத்தேன். இருக்கிறது.

ஜூன் 27

சவுரிபாளையத்தில் அவர் வீடு. கதவைத் திறந்தது அவர் மனைவி. "நீங்களா?" என்றார். உட்காரச் சொல்லவில்லை, நானும் எதிர்பார்க்கவில்லை. எபனேசர் பனியனோடு வந்தார். ஒரு வருஷம்கூட ஆகவில்லை, ஆள் பாதியாகியிருந்தார். வாசலில் நின்றபடியே சொன்னேன். லேத் வாங்கியதிலிருந்து டப்பா வரைக்கும். நடுவில் நிறுத்தினால் ஓடிப்போய்விடுவேன் என்று மூச்சு விடாமல் சொன்னேன்.

டப்பாவை வாங்கித் திறந்து பார்த்தார். உள்ளே போனார். துணியில் சுற்றிய மைக்ரோமீட்டரோடு திரும்பி வந்தார். பொருக்கை உள்ளங்கையில் கவிழ்த்து, நொறுங்காமல் மைக்ரோமீட்டரின் தாடைகளுக்கு நடுவில் வைத்து, காதோரம் கொண்டுபோய், 'டிக்' என்று கேட்கும்வரை மெதுவாகத் திருகினார். என்னை மறந்துவிட்டார் என்றே தோன்றியது.

"முப்பத்தஞ்சு மைக்ரான். சென்டர் முனைக்குப் போறப்ப நாப்பது தள்ளீரும். விட்டத்துல ரெண்டு மடங்கு, எண்பது." தனக்குத்தானே தலையாட்டிக்கொண்டார். பிறகுதான் என்னைப் பார்த்தார். "அன்னிக்கே சொன்னேனுங்க மேடம்."

"நீங்க சாமியச் சொல்றீங்கன்னு நெனச்சேனுங்கண்ணா."

"நான் ஓட்டையச் சொன்னேன்."

மன்னிச்சிருங்க என்றேன். அது காதில் விழாதது மாதிரி டப்பாவை மூடித் திருப்பிக் கொடுத்தார். "எங்கிட்டச் சொல்லி என்னங்க ஆகப் போகுது? நான் பண்ணலைன்னு எனக்குத் தெரியாதா? எட்டு மாசமா எம்பக்கத்துல ஒக்காந்து சோறு திங்காதவங்ககிட்டச் சொல்லுங்க." கதவைச் சாத்தினார். ஓங்கிச் சாத்தவில்லை. ஓங்கிச் சாத்தியிருக்கலாம்.

வேனில் வரும்போது இவர், லெட்டர் எழுதி அனுப்பிவிடலாமே என்றார். லெட்டரை ஒருவர் படித்து ஃபைலில் போட்டு மூடுவார். அவர் பெயரை நான் சொன்னது எல்லோருக்கும் முன்னால்.

ஜூன் 29

நாலரைக்கு ஷிப்ட் விடும். நான்கு மணிக்கே கேட்டில் போய் நின்றேன். வாட்ச்மேன் உள்ளே விடமாட்டேன் என்றார். உள்ளே வரவில்லை, ரோடு உங்கள் கம்பெனியுடையதா என்றேன்.

சங்கு ஊதியதும் மாலையோடு எபனேசர் வந்தார். சுற்றிலும் நாற்பது ஐம்பது பேர். போட்டோவுக்காக ஒர்க்ஸ் மேனேஜரும் கூட வந்தார். கேட்டைத் தாண்டியதும் குறுக்கே போய் நின்றேன். குரல் நடுங்கவில்லை, அது எப்போதுமே என் பக்கம்.

"நாந்தானுங்க துளசிமணி. அந்த அறுபது ஷாஃப்ட்டக் கெடுத்தது எபனேசரண்ணன் இல்ல. நானு. பூஜையன்னிக்கு சென்டர் ஓட்டைக்குள்ள சந்தனம் வெச்சு, தொடைக்காம மாட்டிட்டேன். வெக்காதீங்கன்னு அவரு சொன்னாரு. நான் கேக்கல. அத்தன பேருக்கு முன்னால அவரு மேல பழி போட்டேன். அது பொய்யிங்க. இந்தாங்க, எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கறேன். அவரு ஃபைல்ல இருக்கற மெமோவ எடுக்கோணும்."

காகிதத்தை மேனேஜரிடம் நீட்டினேன். அத்தனை பேர் பார்த்ததால் வாங்கிக்கொண்டார். வாங்கிக்கொண்டு சிரித்தார். "இதுக்குத்தான் பொம்பளைங்க கையில மிஷினக் குடுக்கக்கூடாதுங்கறது." நாலைந்து பேர் கூடச் சிரித்தார்கள்.

இங்கேதான் எனக்குச் சுர்ரென்று ஏறியது. "சார், தப்புப் பண்ணுனது துளசிமணி. துளசிமணின்னு பேரச் சொல்லித் திட்டுங்க, பொழுது விடியற வரைக்கும் நின்னு கேட்டுக்கறேன். பொம்பளைன்னு திட்டுனீங்கன்னா ஒரு வார்த்த கேக்க மாட்டேன். போன வருஷம் ஐந்நூறு பம்ப் ஹவுசிங் தப்பு டிராயிங்ல ஓட்டுனாங்களே, அன்னிக்கு ஆம்பளைங்க கையில மிஷினக் குடுக்கக்கூடாதுன்னு சொன்னீங்களா?"

சிரிப்பு நின்றது. மேனேஜர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

எபனேசர் மாலையைக் கழற்றிப் பக்கத்தில் நின்றவர் கையில் கொடுத்தார். என் முன்னால் வந்து நின்றார்.

"துளசிமணி!" என்றார். ரோட்டுக்கு அந்தப் பக்கம் பேக்கரியில் நின்றவர்கள்கூடத் திரும்பினார்கள். "அறிவிருக்குதா உனக்கு? சென்டரக் கழட்டுனா ஓட்டையத் தொடைக்கோணும். தொடச்சுட்டுத்தான் மாட்டோணும். மாட்டுனா ரெண்டு முனையும் அளக்கோணும். ஐடிஐல மொத நாளு சொல்லிக் குடுக்கறது இது! அறுபது பீசு! அறுபது பீசும் ஒரு முனையவே அளந்துட்டு நின்னியாக்கும்? கண்ண என்ன பேக்கிங்ல வெச்சு ஒட்டிட்டியா? நீயெல்லாம் ஒரு டர்னரு!"

இன்னும் நிறையத் திட்டினார். சிலதை இங்கே எழுத முடியாது. எட்டு மாதம் அடக்கி வைத்தது அத்தனையும் வந்தது. கடைசியில் குரல் உடைந்து, துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு மறுபடி ஆரம்பித்தார்.

இருபது வருஷத்துக்கு மேல் அந்தக் கேட்டுக்குள் என்னை எல்லோரும் மேடம் என்றுதான் கூப்பிட்டார்கள். டர்னர்கள் ஒருவரையொருவர் இப்படித் திட்டிக்கொள்வதை மேஜையிலிருந்து கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறேன். எனக்கு ஒரு தடவையும் கிடைத்ததில்லை. இன்றைக்குக் கிடைத்தது. குறுக்கே பேசாமல், தலையைக் குனியாமல், அவர் முடிக்கும்வரை நின்று முழுவதையும் வாங்கிக்கொண்டேன்.